எண்டர் தட்டும் முன்: லினக்ஸ் கட்டளை வரிக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

லினக்ஸை முதன்முதலாக நிறுவியவர்கள் பலரும் கட்டளை வரியின் முன் தயங்கி நிற்பதை ஆண்டுக்கணக்காகப் பார்த்துவருகிறேன். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். சாளரங்களும் படவுருக்களும் உள்ள திரையில் என்னென்ன செய்யலாம் என்பதைப் பட்டிகளே சொல்லிவிடுகின்றன. முனையத்தைத் திறந்தாலோ ஒற்றை வரியும் இமைக்கும் சுட்டியும் மட்டுமே இருக்கின்றன; அடுத்து என்ன செய்வது என்பதை நாம்தான் சொல்லியாக வேண்டும். ஆனால் அன்றாட வேலைக்கு வேண்டிய கட்டளைகள் இருபதைச் சுற்றியே அமையும். அவற்றை ஒரே பிற்பகலில் கைக்குப் பழக்கிக்கொள்ளலாம்.

இந்த வழிகாட்டியை ஒரே பயிற்சியைச் சுற்றி அமைத்திருக்கிறேன். வீட்டுச் செலவுக் கணக்கு ஒன்றை முனையத்திலேயே எழுதி, அதில் தேடி, வரிசைப்படுத்தி, நகலெடுத்து, கடைசியில் அழிக்கப்போகிறோம். உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் ஆகியவற்றில் எதை வைத்திருந்தாலும் இங்குள்ளவை பொருந்தும். தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸும் டெபியனின் வழிவந்ததே. வீட்டில் அப்படியொரு பழைய மடிக்கணினி இருந்தால் அதிலேயே பழகலாம்.

கட்டளைகளை, பக்கத்தில் அமர்ந்திருப்பவர் வாயால் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டச்சு செய்வதுபோல, ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். எல்எஸ் என்று கண்டால் எல், எஸ் என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளைத் தட்டுங்கள். சொல்லாகவே ஒலிக்கும் கட்டளைகளை முதன்முறை வரும்போது எழுத்துக்கூட்டித் தருகிறேன். நகலெடுத்து ஒட்டுவதற்கு இதில் எதுவும் கிடைக்காது. கற்பவருக்கு அது நல்லதே. ஒட்டிய வரியைக் கண் மேலோட்டமாகக் கடந்துவிடும். எழுத்தெழுத்தாகத் தட்டிய வரியில் இடைவெளி எங்கே இருக்கிறது என்பதுகூட நினைவில் நிற்கும். இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளப்போவது ஒன்றுதான்: வரியைத் தட்டி முடித்த பிறகு, எண்டர் விசைக்குக் கை போகும் முன், அதை இடமிருந்து வலமாக ஒருமுறை படித்துவிடுங்கள்.

முனையம் காட்டும் முதல் வரி

உபுண்டுவிலும் மின்ட்டிலும் கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் முனையம் திறக்கும். டெபியனில் செயலிகளின் பட்டியலில் டெர்மினல் என்று தேடித் திறக்கலாம். திறந்ததும் தோன்றும் வரி, நம் எழுத்தில் எழுதினால், இப்படி இருக்கும்:

கயல்@வீடு:~$

கயல் என்பது பயனரின் பெயர். வீடு என்பது கணினிக்கு இடப்பட்ட பெயர். அதற்கு அடுத்து வருவது நீங்கள் இப்போது நிற்கும் இடம். ~ என்ற அலைக்குறி உங்கள் சொந்தக் கோப்புறையைக் குறிக்கும். கடைசியில் உள்ள $ குறி நீங்கள் சாதாரணப் பயனராக இருப்பதைக் காட்டுகிறது. அந்த இடத்தில் # குறி இருந்தால், கணினியில் எதையும் மாற்றவும் அழிக்கவும் உரிமையுள்ள ரூட் பயனராக நிற்கிறீர்கள் என்று பொருள். தொடக்க நிலையில் அந்தக் குறியைக் கண்டால் எக்ஸிட், அதாவது இ, எக்ஸ், ஐ, டி என்று தட்டி வெளியே வந்துவிடுங்கள்.

முனையம் என்பது வெறும் சாளரம். அதற்குள் அமர்ந்து நீங்கள் தட்டுவதைப் படித்து, பொருள் கொண்டு, வேலையை ஒப்படைப்பது ஷெல் என்னும் நிரல். மேலே சொன்ன லினக்ஸ் வகைகளில் இயல்பாக இருக்கும் ஷெல்லுக்கு பாஷ் என்று பெயர். கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989இல் வெளியானது. அதன் கட்டளைப் பெயர்களோ இன்னும் பழையவை. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில் கணினியோடு பேச டெலிடைப் என்னும் தட்டச்சு எந்திரங்களே இருந்தன. அவற்றுள் பெயர்பெற்ற மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துகளைத்தான் காகிதத்தில் அடிக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் நேரமும் காகிதமும் செலவாகும் இடத்தில் இரண்டெழுத்துப் பெயர்கள் பிறந்ததில் வியப்பில்லை. வேலை சரியாக முடிந்தால் பல கட்டளைகள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. இந்தப் பழக்கமும் அந்தச் சூழலுக்குப் பொருந்தியதே. புதியவர்கள் இந்த மௌனத்தைக் கண்டு எதுவும் நடக்கவில்லை என்று நினைத்து அதே கட்டளையை மறுபடியும் இடுகிறார்கள். முனையம் பேசாமல் இருந்தால் வேலை முடிந்தது என்று கொள்ளுங்கள்.

ஒரு கட்டளை வரியைப் படிக்கும் முறை தமிழ் வாக்கியத்துக்கு நேர் எதிரானது. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும். இங்கே வினைதான் முதலில். அடுத்து அந்த வினையை எப்படிச் செய்வது என்பதைச் சொல்லும் விருப்பத்தேர்வு, பெரும்பாலும் ஒரு சிறு கோட்டுடன் தொடங்கும். அதன் பின் எதன்மேல் செய்வது என்பது. ‘நகர்த்து, கேட்டுக்கொண்டு, செலவை, பழையதற்குள்’ என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தால் வரியின் அமைப்பு பிடிபட்டுவிடும். இவற்றைப் பிரிப்பது இடைவெளி ஒன்றுதான். அதனால்தான் இடைவெளியைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் இங்கே வெவ்வேறு எழுத்துகளாகவே கருதப்படும் என்பதையும் மறவாதீர்கள்.

எங்கே நிற்கிறோம், சுற்றிலும் என்ன இருக்கிறது

முதல் கட்டளை:

பிடபிள்யூடி

இப்போது நிற்கும் கோப்புறையின் முழு முகவரியை இது காட்டும். /ஹோம்/கயல் என்பதுபோல் ஒரு விடை வரும். விண்டோஸில் சி, டி என்று வட்டுக்கு ஒரு பெயர் இருப்பதுபோல் லினக்ஸில் கிடையாது. / என்ற ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்கும் ஒரே மரத்தில் எல்லாமே கிளைகளாக இருக்கின்றன. உங்கள் சொந்தக் கோப்புகள் ஹோம் என்னும் கிளையில் இருக்கும். பென் டிரைவைச் செருகினால், உபுண்டுவில் அது மீடியா என்னும் கிளையில் உங்கள் பெயருக்குக் கீழே வந்து சேரும்.

எல்எஸ்

இது நிற்கும் இடத்தில் உள்ளவற்றின் பட்டியல். எல்எஸ் -எல் என்று தட்டினால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி வரும். அதில் உரிமையாளரின் பெயரும், அளவும், கடைசியாக மாற்றப்பட்ட நேரமும் இருக்கும். வரியின் முதல் எழுத்து டி என்றால் அது கோப்புறை, சிறு கோடு என்றால் சாதாரணக் கோப்பு. எல்எஸ் -ஏ என்று தட்டினால் புள்ளியில் தொடங்கும் பெயர்களைக் கொண்ட மறைவான கோப்புகளும் தெரியும். உங்கள் செயலிகளின் அமைப்புகள் பலவும் அப்படிப்பட்ட கோப்புகளில்தான் இருக்கின்றன. இப்போதைக்குப் பார்த்தால் போதும், தொட வேண்டாம்.

இனிப் பயிற்சிக்கென ஒரு கோப்புறையை உருவாக்கி அதற்குள் போவோம்.

எம்கேடிஐஆர் பயிற்சி
சிடி பயிற்சி

இந்த இரண்டு வரிகளிலேயே தமிழில் பெயரிடுவோருக்கு நேரும் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டளையை ஆங்கில எழுத்திலும் கோப்புறையின் பெயரைத் தமிழிலும் தட்ட வேண்டும். உபுண்டுவில் சூப்பர் விசையையும் (விண்டோஸ் சின்னமுள்ள விசை) இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் விசைப்பலகை மொழி மாறும். தமிழ் 99 விசைப்பலகையை முன்பே அமைப்புகளில் சேர்த்திருக்க வேண்டும். பெயரைத் தட்டிய பிறகு ஆங்கிலத்துக்குத் திரும்ப மறந்தால், அடுத்த வரியில் எல்எஸ் என்று நினைத்துத் தட்டும் விசைகள் ஏதோ இரண்டு தமிழ் எழுத்துகளாக விழும். ஷெல்லும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று பதில் சொல்லும். அதனால் கேடு எதுவும் இல்லை. மொழியை மாற்றி மறுபடி தட்டுங்கள். சில முனையங்களில் கொம்பும் துணைக்காலும் எழுத்தை விட்டு விலகித் தெரியலாம். கோப்பின் பெயர் சரியாகவே பதிவாகியிருக்கும். குறை திரையில் எழுத்தை வரையும் முறையில்தான்.

மொழி மாற்றும் அலைச்சலைப் பெருமளவு குறைக்க டேப் விசை உதவும். பெயரின் முதல் எழுத்தை மட்டும் தட்டி டேப் விசையை அழுத்துங்கள். அந்த எழுத்தில் தொடங்குவது ஒன்றே ஒன்று என்றால் ஷெல் மீதியை நிரப்பிவிடும். பல இருந்தால் இரண்டாம் முறை அழுத்தியதும் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். இதன் அருமை நேரத்தைச் சேமிப்பதில் மட்டும் இல்லை. டேப் நிரப்பித் தந்த பெயர் உண்மையிலேயே அங்கே இருக்கும் பெயர். எழுத்துப்பிழைக்கு இடமே இல்லை. டேப் அழுத்தியும் எதுவும் நிரம்பவில்லை என்றால் நீங்கள் தவறான இடத்தில் நிற்கிறீர்கள் என்பதை எண்டர் தட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

சிடி .. என்று இடைவெளி விட்டு இரண்டு புள்ளிகள் வைத்தால் ஒரு படி மேலே போகலாம். சிடி என்று மட்டும் தட்டினால் எங்கிருந்தாலும் வீடு திரும்பிவிடலாம். சிடி - என்பது கடைசியாக இருந்த இடத்துக்கே திருப்பி அழைத்துப்போகும். மூன்றையும் இரண்டு முறை செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் பிடபிள்யூடி தட்டி எங்கே நிற்கிறீர்கள் என்று சரிபாருங்கள். பிறகு பயிற்சி கோப்புறைக்குத் திரும்புங்கள்.

கணக்கு எழுதுதல்

எக்கோ என்பது இ, சி, எச், ஓ என்ற நான்கு எழுத்துகள். கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்வது அதன் வேலை. > என்ற குறியைச் சேர்த்தால் சொல்வதைத் திரைக்குப் பதிலாக ஒரு கோப்பில் எழுதும்.

எக்கோ "பால் 30" > செலவு

மேற்கோள் குறிகளை விட்டுவிடாதீர்கள். எண்ணை ஒட்டி > குறி வந்தால், பாஷ் அந்த எண்ணுக்கு வேறொரு பொருள் கொண்டுவிடும். அடுத்த செலவைச் சேர்க்கும்போது இரண்டு > குறிகளை இட வேண்டும்:

எக்கோ "கொத்தமல்லி 10" >> செலவு

ஒற்றை > குறி கோப்பைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதும். இரட்டைக் குறி இருப்பதன் கீழே சேர்க்கும். இந்த இடத்தில் ஒரு குறி குறைந்தால் முந்தைய கணக்கு முழுவதும் போய்விடும், ஷெல் ஒரு சொல்கூடக் கேட்காது. இந்தக் கவலை உள்ளவர்கள் செட் -ஓ நோகிளாபர் என்று ஒருமுறை தட்டிவிட்டால், அந்தச் சாளரம் மூடப்படும் வரை, ஏற்கெனவே இருக்கும் கோப்பை ஒற்றைக் குறியால் துடைக்க பாஷ் மறுத்துவிடும். செட் என்பது எஸ், இ, டி. மற்றது என், ஓ, சி, எல், ஓ, பி, பி, இ, ஆர்.

அதே முறையில் "பேருந்து 24", "மருந்து 210", மறுபடியும் "பால் 30" என்று மூன்று வரிகளைச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் முழு வரியைத் தட்ட வேண்டாம். மேல் அம்பு விசையை அழுத்தினால் கடைசிக் கட்டளை திரும்பி வரும்; மேற்கோளுக்குள் இருப்பதை மட்டும் மாற்றினால் போதும். எழுதியதைப் பார்க்க:

சிஏடி செலவு

ஐந்து வரிகளும் தெரியும். கோப்பு நீளமாக இருந்தால் சிஏடிக்குப் பதில் லெஸ், அதாவது எல், இ, எஸ், எஸ் என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது பக்கம் பக்கமாகக் காட்டும். இடைவெளி விசை அடுத்த பக்கத்துக்கு, க்யூ விசை வெளியேறுவதற்கு.

தேடுதலும் வரிசைப்படுத்தலும்

கிரெப் என்பது ஜி, ஆர், இ, பி. ஒரு கோப்பில் குறிப்பிட்ட சொல் வரும் வரிகளை மட்டும் பொறுக்கித் தரும்.

கிரெப் பால் செலவு

இரண்டு பால் வரிகளும் வரும். சார்ட், அதாவது எஸ், ஓ, ஆர், டி, வரிசைப்படுத்தும். நமக்கு வேண்டியது தொகையின்படி வரிசை. தொகை ஒவ்வொரு வரியிலும் இரண்டாவதாக இருக்கிறது. எனவே:

சார்ட் -கே2 -என் செலவு

கே2 என்பது இரண்டாம் பகுதியிலிருந்து பார் என்றும், என் என்பது எண்களாகக் கருது என்றும் பொருள்படும். என் இல்லாவிட்டால் எழுத்து வரிசையில் பார்த்து 210ஐ 24க்கு முன்னால் வைத்துவிடும். இதில் -ஆர் சேர்த்தால் பெரியது முதலில் வரும். அதிகச் செலவு மூன்று மட்டும் வேண்டும் என்றால் இங்கேதான் கட்டளை வரியின் உண்மையான வலிமை வெளிப்படுகிறது:

சார்ட் -கே2 -என் -ஆர் செலவு | ஹெட் -என் 3

நடுவில் உள்ள செங்குத்துக் கோட்டுக்குப் பைப் என்று பெயர்; பெரும்பாலான விசைப்பலகைகளில் எண்டர் விசைக்கு மேலே அல்லது பக்கத்தில், ஷிஃப்ட் அழுத்தித் தட்ட வேண்டியது. இடப்பக்கக் கட்டளை வெளியிடுவதை வலப்பக்கக் கட்டளைக்கு உள்ளீடாக அது கொண்டுசேர்க்கிறது. ஹெட், அதாவது எச், இ, ஏ, டி, முதல் சில வரிகளை மட்டும் காட்டிவிட்டு மற்றதை நிறுத்திவிடும். பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் வலியுறுத்திவந்த இந்த யோசனையை 1973இல் கென் தாம்சன் யூனிக்ஸில் சேர்த்தார். வரிசைப்படுத்தும் நிரலுக்கு முதல் மூன்றை எடுக்கத் தெரிய வேண்டியதில்லை. எடுக்கும் நிரலுக்கு வரிசைப்படுத்தத் தெரிய வேண்டியதில்லை. ஐந்து வரிக் கணக்கில் இதன் பயன் பெரிதாகத் தெரியாது. ஐம்பதாயிரம் வரிகள் உள்ள ஒரு பதிவேட்டிலும் இதே வரிதான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தமிழ் எழுத்தின் எடை

தமிழில் கோப்புகளை வைத்துக்கொள்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீழ்வரும் இரண்டு வரிகளையும் இட்டுப் பாருங்கள். டபிள்யூசி எண்ணிச் சொல்லும் கட்டளை; -சி பைட்டுகளையும், -எம் எழுத்துக் குறிகளையும் எண்ணும்.

எக்கோ "பால் 30" | டபிள்யூசி -சி
எக்கோ "பால் 30" | டபிள்யூசி -எம்

முதலாவது 16 என்றும் இரண்டாவது 8 என்றும் விடை தரும். நம் கண்ணுக்கு பா, ல், ஓர் இடைவெளி, இரண்டு இலக்கங்கள், ஆக ஐந்துதான். யூனிகோடில் பா என்பது பகரமும் துணைக்காலும். ல் என்பது லகரமும் புள்ளியும். எனவே அவை நான்கு குறிகள். இடைவெளி, இரண்டு இலக்கங்கள், எக்கோ வரியின் முடிவில் சேர்க்கும் வரிமுடிவுக் குறி ஆகிய நான்கும் சேர்ந்தால் எட்டு. லினக்ஸில் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்கிறது. ஆங்கில எழுத்தும் இலக்கமும் ஒரு பைட். ஆகவே 12, அதனுடன் 4, மொத்தம் 16.

இதற்கு நடைமுறை விளைவுகள் உண்டு. லினக்ஸில் பரவலாக உள்ள இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலத்தில் அது 255 எழுத்துகள். தமிழில் 85 குறிகளுக்கு மேல் இடமில்லை. கட்டுரைத் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக வைக்கும் வழக்கமுள்ளவர்கள் ‘ஃபைல் நேம் டூ லாங்’ என்ற செய்தியைக் கண்டால் காரணம் இதுதான். தேடலிலும் இது வெளிப்படும். கிரெப்பிடம் புள்ளியில்லாமல் ‘பால’ என்று கேட்டால் பால் வரிகளும் வரும், பாலம் இருந்தால் அதுவும் வரும். புள்ளி ஒரு தனிக் குறி என்பதால் அதற்கு முன்னுள்ளவை பொருந்தினாலே கிரெப்புக்குப் போதும்.

இதைவிடக் குழப்பமானது கொத்தமல்லி. கொ என்ற எழுத்தை ஒகரத்துக்குரிய ஒற்றை உயிர்க்குறியாலும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது, பைட்டுகள் வேறு. வேறொருவர் அனுப்பிய கோப்பில் கண்ணெதிரே இருக்கும் சொல்லை கிரெப் இல்லை என்று சொன்னால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ‘த்தமல்லி’ என்று மட்டும் தேடிப் பாருங்கள்.

நகலெடுத்தல், நகர்த்துதல், அழித்தல்

சிபி செலவு செலவு-ஆடி
எம்வி செலவு-ஆடி செலவு-ஆவணி

சிபி நகலெடுக்கும்; எம்வி நகர்த்தும். லினக்ஸில் பெயர் மாற்றுவதும் நகர்த்துவதும் ஒரே வேலை. இலக்கில் அதே பெயருடைய கோப்பு முன்பே இருந்தால் இரண்டு கட்டளைகளும் அதன்மேல் எழுதிவிடும். -ஐ சேர்த்தால் கேட்டுக்கொண்டு செய்யும். தொடங்கும் காலத்தில் எப்போதும் -ஐ சேர்த்தே பழகுங்கள். பெயருக்குள் இடைவெளி இருந்தால் முழுப் பெயரையும் மேற்கோளுக்குள் இடுங்கள். இப்போதைய லினக்ஸ்களில் எல்எஸ் அத்தகைய பெயர்களை மேற்கோளுடனேயே காட்டும் என்பதால் எளிதில் தெரிந்துகொள்ளலாம்.

அழிப்பதற்கு ஆர்எம். இது குப்பைத் தொட்டிக்கு அனுப்புவதில்லை, அழித்தது அழிந்ததுதான். நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துகளுக்கும் பொருந்தும் என்பதால் செலவு என்று தொடங்கும் எல்லாவற்றையும் அழிக்க இப்படித் தட்டலாம்:

ஆர்எம் செலவு*

இதே வரியில் நட்சத்திரத்துக்கு முன் ஓர் இடைவெளி விழுந்தால் பொருள் அடியோடு மாறுகிறது: செலவு என்ற கோப்பையும், அதோடு இந்தக் கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளையும் அழி. எனக்கு அது நேர்ந்திருக்கிறது. ஒரு முதியவரிடம் பல மாலைகள் அமர்ந்து ஒலிப்பதிவு செய்து, அதைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்கி வைத்திருந்த கோப்புகள் ஒரு கோப்புறையில் இருந்தன. தற்காலிக நகல்களை நீக்கப் போய், அந்த ஒற்றை இடைவெளியுடன் எண்டர் தட்டினேன். முனையம் ஒன்றும் சொல்லவில்லை. எல்எஸ் தட்டியபோது வெற்று வரி வந்தது. ஒலிப்பதிவுகள் வேறு வட்டில் இருந்ததால் எழுத்தாக்கத்தை மட்டும் மறுபடி தொடங்கினேன். அதற்கு இரண்டு மாதங்கள் பிடித்தன.

அன்றிலிருந்து நட்சத்திரம் வரும் எந்த ஆர்எம் வரியையும் முதலில் எக்கோவாகத் தட்டுகிறேன்:

எக்கோ செலவு*

நட்சத்திரத்தை விரித்துப் பெயர்களாக மாற்றுவது ஷெல்தான். ஆர்எம் பெறுவது விரிந்த பட்டியலை மட்டுமே. எனவே எக்கோ திரையில் காட்டும் பட்டியல் எதுவோ அதையேதான் ஆர்எம்மும் அழிக்கும். இப்போது செலவு * என்று இடைவெளியுடனும் எக்கோவைத் தட்டிப் பாருங்கள். வேறுபாடு கண்முன் நிற்கும். பட்டியல் சரியாக இருந்தால் மேல் அம்பை அழுத்தி, முதல் சொல்லை மட்டும் ஆர்எம் என்று மாற்றுங்கள். கோப்புறையை உள்ளடக்கத்தோடு அழிக்கும் -ஆர் விருப்பத்தேர்வையும், எதையும் கேட்காமல் அழிக்கச் செய்யும் -எஃப் விருப்பத்தேர்வையும் முதல் மாதத்தில் தொடாமல் இருப்பது நல்லது. வெற்றுக் கோப்புறையை நீக்க ஆர்எம்டிஐஆர் இருக்கிறது. உள்ளே ஏதேனும் இருந்தால் அது மறுத்துவிடும்.

நிர்வாக உரிமை

மென்பொருள் நிறுவுவதுபோல் கணினி முழுவதையும் பாதிக்கும் வேலைகளுக்கு எஸ்யூடிஓ என்பதை முன்னால் சேர்க்க வேண்டும்.

எஸ்யூடிஓ ஏபிடி அப்டேட்
எஸ்யூடிஓ ஏபிடி இன்ஸ்டால் ட்ரீ

ஏபிடி என்பது டெபியன் வழிவந்த லினக்ஸ்களில் மென்பொருளைக் கையாளும் கட்டளை. அப்டேட் என்பது யூ, பி, டி, ஏ, டி, இ; இன்ஸ்டால் என்பது ஐ, என், எஸ், டி, ஏ, எல், எல். முதல் வரி மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும். இரண்டாவது ட்ரீ, அதாவது டி, ஆர், இ, இ, என்னும் சிறு நிரலை நிறுவும். கோப்புறைகளைக் கிளை கிளையாக வரைந்து காட்டுவதால் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு மிகவும் உதவும். கடவுச்சொல் கேட்கும்போது தட்டுவது எதுவும் திரையில் தெரியாது, நட்சத்திரமோ புள்ளியோகூட வராமல் இருக்கலாம்; விசைப்பலகை பழுதாகிவிட்டது என்று எண்ணாமல் தட்டி முடித்து எண்டர் அழுத்துங்கள்.

‘பெர்மிஷன் டினைடு’ என்ற செய்தி வந்தவுடன் எஸ்யூடிஓ சேர்த்து அதே வரியை மறுபடி இடும் பழக்கம் புதியவர்களிடம் விரைவில் தொற்றிக்கொள்கிறது. அந்தச் செய்தி ஒரு காவல்காரர் வாசலில் நின்று கேட்கும் கேள்வி. பெரும்பாலும் நீங்கள் தவறான கோப்புறையில் நிற்பதாலோ, அடுத்தவருடைய கோப்பைத் தொடுவதாலோதான் அது வருகிறது. இணையத்தில் கண்ட வரியில் எஸ்யூடிஓ இருந்தால், அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரியும் வரை அதை இட வேண்டாம்.

பொருளைத் தெரிந்துகொள்ள வெளியே போக வேண்டியதில்லை. மேன், அதாவது எம், ஏ, என், என்ற கட்டளையின் பின் எந்தக் கட்டளையின் பெயரையும் இட்டால் அதன் கையேடு திறக்கும். யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. இன்று வரை அதே அமைப்பே தொடர்கிறது. முழுவதையும் படிக்க முயன்றால் அயர்ச்சியே மிஞ்சும். திறந்தவுடன் / குறியைத் தட்டி, தேடும் விருப்பத்தேர்வை எழுதி எண்டர் தட்டுங்கள். என் விசை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும். வெளியேற இங்கும் க்யூ.

கை நழுவும்போது

ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை நிறுத்த கண்ட்ரோலும் சியும். முனையத்தில் நகலெடுக்க அதனுடன் ஷிஃப்டையும் சேர்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. கண்ட்ரோலுடன் எஸ் பட்டுவிட்டால் திரை உறைந்துபோனதுபோல் நின்றுவிடும். சேமிக்கும் பழக்கத்தில் பலர் அதை அழுத்திவிட்டு முனையத்தையே மூடிவிடுகிறார்கள். கண்ட்ரோலும் க்யூவும் அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேற்கோளை மூட மறந்து எண்டர் தட்டினால் > என்ற குறியுடன் புதிய வரி வந்து காத்திருக்கும். அங்கும் கண்ட்ரோல் சி அழுத்தி வெளியே வாருங்கள்.

முன்பு இட்ட கட்டளையைத் தேட கண்ட்ரோலும் ஆரும் அழுத்தி, அதிலுள்ள ஏதேனும் ஒரு பகுதியைத் தட்டுங்கள். எக்ஸிட் தட்டிச் சாளரத்தை மூடும்போது பாஷ் அன்றைய கட்டளைகளை உங்கள் கோப்புறையிலேயே ஒரு மறைவான கோப்பில் எழுதிவைக்கிறது. உபுண்டுவின் இயல்பான அமைப்பில் அதில் 2000 வரிகள் வரை தங்கும். அதனால் நாளை முனையத்தைத் திறந்து மேல் அம்பை இரண்டு முறை அழுத்தினால், இன்று எக்ஸிட்டுக்கு முன் கடைசியாகத் தட்டிய வரி அப்படியே வந்து நிற்கும். அது ஆர்எம் என்று தொடங்குவதாக இருந்தால் கண்ட்ரோலும் யூவும் அழுத்துங்கள். வரி மறைந்துவிடும், கோப்புகள் இருக்கும்.